பொது நிர்வாகமும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த கூட்டு முதுகலைப் பட்டம்: மதுரையிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மதுரையில் இளங்கலை முடித்து, சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அமெரிக்காவில் இந்தக் கூட்டுப் பட்டத்தைப் படித்துத் திரும்பியிருக்கிறேன். அதன்பிறகு மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, நகருக்குள் தெற்குவாசல் என்று பல பக்கங்களிலிருந்து பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களிடம் உழைப்பு குறையவில்லை. வரிசைதான் மாறிப்போகிறது. முதலில் ஜி.ஆர்.இ. (முதுகலைச் சேர்க்கைக்குப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் தேர்வு) கோச்சிங்கில் பணம் கட்டுகிறார்கள், அப்புறம் பல்கலைக்கழகம் தேடுகிறார்கள், அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த நேரத்தில்தான் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் இன்னொரு பெயர் என்பதும் தெரியவருகிறது.

எது முன்னால், எது பின்னால் என்பதற்கு இந்த வழிகாட்டியில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஆகஸ்டில் வகுப்பில் உட்கார வேண்டுமென்றால் அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியிலேயே வேலையைத் தொடங்குங்கள். சில பள்ளிகளில் (பல்கலைக்கழகத்துக்குள் இந்தப் படிப்பை நடத்தும் பிரிவை அங்கே ‘ஸ்கூல்’ என்பார்கள், அதைத்தான் பள்ளி என்கிறேன்) பொது நிர்வாக வகுப்புகள் கோடையிலேயே ஆரம்பித்துவிடும் என்பதால் கையில் இருக்கும் காலம் இன்னும் குறையும்.

1. இரண்டு பட்டமும் எதற்கு என்று முதலில் எழுதுங்கள்

இந்தப் படிகளில் பணம் கேட்காதது இது ஒன்றுதான். எல்லோரும் தாண்டிப் போவதும் இதைத்தான். ஒரு வெள்ளைத்தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உள்ளூர் நிர்வாகமும் தெரிய வேண்டும், நாடுகளுக்கு இடையிலான ஏற்பாடும் தெரிய வேண்டும் என்றால் கூட்டுப் பட்டம் உங்களுக்குப் பொருந்தும். ஒன்று தெரிந்தாலே போதுமென்றால் ஒரு பட்டம் போதும். ஓராண்டு காலமும் பெரிய தொகையும் மிச்சம்.

நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது: மதுரை விமான நிலையம். ஓடுபாதையை நீட்டுவதென்றால் நிலம் எடுக்க வேண்டும், இழப்பீடு கொடுக்க வேண்டும், சாலையைத் திருப்ப வேண்டும். இவையெல்லாம் மாவட்ட நிர்வாகத்தின் வேலை. ஓடுபாதை நீண்டுவிட்டது என்பதற்காக ஒரு வெளிநாட்டு விமான நிறுவனம் நினைத்தபடி இங்கே வந்து இறங்கிவிட முடியாது. அந்த நாட்டுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான வான்சேவை ஒப்பந்தத்தில் மதுரை ஓர் இறங்குமிடமாக இருக்க வேண்டும். முதல் பாதி பொது நிர்வாகம், இரண்டாம் பாதி சர்வதேச உறவுகள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் குறைக்காகத்தான் இப்படி ஒரு படிப்பு.

இன்னும் தேடினால் கிடைக்கும். பாக் நீரிணையில் மீன்பிடிக்கப் போகும் ராமேஸ்வரத்து மீனவர்களின் வாழ்க்கையில் 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்களும் மீன்வளத்துறை தரும் டீசல் மானியமும் சேர்ந்தே விளையாடுகின்றன. மதுரையைச் சுற்றி இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம்களில் ரேஷனும் வீடும் மாநில அரசின் பொறுப்பு, குடியுரிமை ஒன்றிய அரசின் பொறுப்பு, நாடு திரும்புவது இரு நாட்டு விஷயம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து கடல் கடந்து போக வேண்டுமென்றால் குளிர்பதன வசதியும் வேண்டும், வாங்கும் நாட்டின் பூச்சித் தடுப்பு விதியும் தெரிய வேண்டும்.

இந்தப் படியில் அடிக்கடி நான் கேட்கும் பதில்: “கலெக்டர் ஆகணும், இல்லன்னா ஐ.எஃப்.எஸ். ஆகணும், அதுக்குத்தான்.” இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஐ.ஏ.எஸ்., ஐ.எஃப்.எஸ். (வெளியுறவுப் பணி) இரண்டுக்கும் யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுதான் வழி. அதற்கு ஒரு இளங்கலைப் பட்டம் போதும். வெளிநாட்டு முதுகலைக்கு அங்கே தனி மதிப்பெண் கிடையாது. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 32, பிற்படுத்தப்பட்டோருக்கு 35, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 37. வெளிநாட்டில் படிக்கும் ஆண்டுகளும் அந்தக் கணக்கில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தேர்வுதான் இலக்கு என்றால் தேர்வை முதலில் எழுதுங்கள்.

2. ‘கூட்டு’ என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இரண்டு முதுகலைகளைத் தனித்தனியாகப் படித்தால் ஆகும் மொத்தக் கிரெடிட்டைவிட, அதாவது பாட அளவுப் புள்ளிகளைவிட, கூட்டுப் படிப்பில் குறைவாக எடுத்தால் போதும். பொருளாதாரம், புள்ளியியல் போன்ற சில பாடங்கள் இரண்டு பட்டத்திலும் எண்ணப்படுவதால்தான் காலம் சுருங்குகிறது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள், சில இடங்களில் அதற்குக் கொஞ்சம் மேல்.

இது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் மாக்ஸ்வெல் பள்ளியில் பொது நிர்வாகமும் சர்வதேச உறவுகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன, இரண்டையும் இணைத்துப் படிக்கலாம். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பொது நிர்வாக முதுகலையை எடுப்பவர்கள் ஓராண்டு அங்கேயும், மற்றோர் ஆண்டு நியூயார்க்கில் கொலம்பியாவிலோ பாரிஸில் சியான்ஸ் போவிலோ பெர்லினில் ஹெர்டியிலோ படிக்கும் இரட்டைப் பட்ட ஏற்பாடு உண்டு. முதல் வகையில் ஊர் மாறாது. இரண்டாவதில் இரண்டு விசா, இரண்டு வாடகை முன்பணம், இரண்டு குளிர்காலம்.

ஒவ்வொரு பள்ளிக்கும் மின்னஞ்சல் எழுதி நான்கு விஷயங்களைக் கேளுங்கள். விண்ணப்பம் ஒன்றா, இரண்டா? முதலாண்டில் சேர்ந்த பிறகு இரண்டாவது பட்டத்துக்கு மனுப்போட முடியுமா? எத்தனை கிரெடிட் இரண்டு பட்டத்துக்கும் சேர்த்து எண்ணப்படும்? நடுவில் ஒரு பட்டத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும்? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பல இடங்களில் இரண்டு பட்டமும் ஒரே நேரத்தில்தான் வழங்கப்படும். ஒன்றை விட்டால், இரண்டுக்கும் சேர்த்து எண்ணிய கிரெடிட் இல்லாமல் போய், மீதிப் பட்டத்துக்குக் கூடுதல் பாடம் எடுக்க நேரும். அதற்கும் காசு கட்ட வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பொது நிர்வாக முதுகலையின் சுருக்கெழுத்தும் வணிக நிர்வாக முதுகலையின் சுருக்கெழுத்தும் தமிழில் எழுதினால் ஒன்றுபோலவே எம்.பி.ஏ. என்று வரும், காதில் விழுவதும் அப்படித்தான். எனக்குக் கடன் கொடுத்த வங்கியில் முதல் படிவத்தில் வணிக நிர்வாகம் என்றே பதிவாகி, அதைத் திருத்த மூன்று வாரம் போனது. எந்தப் படிவத்திலும் சுருக்கி எழுதாமல் பட்டத்தின் முழுப் பெயரையும் எழுதுங்கள்.

3. பணத்தைப் பற்றி இப்போதே பேசுங்கள்

அனுமதி கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அனுமதி மார்ச்சில் வரும், ஏப்ரல் நடுவில் பதில் கேட்பார்கள். அந்த நான்கைந்து வாரத்தில் சொத்துப் பத்திரத்தைச் சரிசெய்ய முடியாது.

பள்ளியின் இணையதளத்தில் ஓராண்டுக்கான மொத்தச் செலவு என்று ஒரு தொகை இருக்கும். கல்விக் கட்டணம், காப்பீடு, தங்கும் செலவு எல்லாம் அதில் அடக்கம். கூட்டுப் படிப்பின் முழுக் காலத்துக்கும் அதைப் பெருக்குங்கள். ரூபாயை இன்றைய விலையில் மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஆண்டுச் செலவு 50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 85 ரூபாய் என்றால் 42.5 லட்சம், 92 ரூபாய் என்றால் 46 லட்சம். ஓராண்டிலேயே மூன்றரை லட்சம் வித்தியாசம் வந்துவிடுகிறது.

கடன் பக்கம் வருவோம். பொதுத்துறை வங்கிகளின் கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்துப் பிணை கேட்பது பொதுவான நடைமுறை. வெளிநாட்டுப் படிப்புக்கு மொத்தச் செலவில் 15 சதவீதம் நம் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். சில வங்கிகள் தாங்கள் வைத்திருக்கும் பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ள இடங்களுக்குப் பிணையில்லாமலும் கொடுக்கின்றன. ஆகவே உங்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு முதலிலேயே வங்கிக்குப் போய்க் கேளுங்கள்.

கிராமத்துப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். “எங்களுக்கு ஆறு ஏக்கர் இருக்கு” என்று தைரியமாக வருவார்கள். விவசாய நிலத்தைக் கல்விக் கடனுக்குப் பிணையாகப் பல வங்கிகள் ஏற்பதில்லை. வீடோ வீட்டுமனையோ இருந்தால்தான் பேச்சு நகரும். அதிலும் மனைக்கு அங்கீகாரம் வேண்டும், கட்டடத்துக்குத் திட்ட அனுமதி வேண்டும், மூலப்பத்திரம் வேண்டும், வில்லங்கச் சான்று வேண்டும், பட்டா உயிரோடு இருப்பவர் பெயரில் இருக்க வேண்டும். தாத்தா பெயரிலேயே பட்டா இருந்து, அதை மாற்றப் போய், அத்தைகளின் கையெழுத்து வாங்க ஆறு மாதம் அலைந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் படியை மூன்றாவதாக வைத்திருக்கிறேன்.

உதவித்தொகை: ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகையில் பொது நிர்வாகம் ஒரு துறையாக இருக்கிறது. மூன்று ஆண்டு முழுநேர வேலை அனுபவம் கேட்பார்கள். நம்முடைய மூன்றாண்டு இளங்கலை மட்டும் இருந்தால் போதாது, அதோடு ஒரு முதுகலையோ முழுநேர முதுநிலைப் பட்டயமோ முடித்திருக்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கும், நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பங்கள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. 60 சதவீத மதிப்பெண்ணும், ஆண்டுக் குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் பாருங்கள், ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கானது அது. தகுதியுள்ள பிள்ளைகள் இவற்றைக் கேள்விப்படாமலேயே வட்டிக்குக் கடன் வாங்குவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

பல்கலைக்கழகமே தள்ளுபடி கொடுத்தால், அது எத்தனை பருவத்துக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு பட்டத்தின் காலத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மீதிப் பருவத்துக்கு முழுக் கட்டணம் கேட்கும் ஏற்பாடும் உண்டு.

கணக்கு எப்படிப் போட்டாலும் கட்டுப்படியாகவில்லையா? இங்கேயே ஒரு வழி இருக்கிறது. 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க அனுமதி கொடுத்தது. ஒன்றைக் கல்லூரியில் நேரடியாகவும் மற்றொன்றைத் தொலைநிலைக் கல்வியிலும் படிக்கலாம். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பொது நிர்வாக முதுகலை உண்டு, அதன் மண்டல மையம் மதுரையிலேயே இருக்கிறது. சர்வதேச உறவுகளையோ அரசியல் அறிவியலையோ நேரடி வகுப்பில் எடுத்துக்கொண்டு இதையும் சேர்த்தால், செலவு வெளிநாட்டுப் படிப்பின் பக்கத்திலேயே வராது. இதை இரண்டாம் தரமாக நான் நினைக்கவில்லை. முதல் படியில் எழுதிய கேள்வி நல்ல கேள்வியாக இருந்தால் இந்த வழியிலும் அதைத் தொடரலாம்.

4. பாஸ்போர்ட், பெயர், இனிஷியல்

நம் ஊர்ப் பெயர் முறைக்கும் வெளிநாட்டுப் படிவத்துக்கும் ஒத்துவராது. நமக்கு ஒரு பெயர், ஓர் இனிஷியல். அவர்களுக்குக் கொடுத்த பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகப் போய்விடும். கொடுத்த பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று வரும், பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அப்புறம் அங்கே வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், பல்கலைக்கழக அடையாள அட்டை எல்லாவற்றிலும் அதுவே உங்கள் பெயராகச் சுற்றும். ஒவ்வோர் இடத்திலும் நின்று விளக்கம் சொல்ல வேண்டும்.

ஆகவே பாஸ்போர்ட் எடுக்காதவர்கள், இனிஷியலை விரித்து, அப்பா பெயரையோ அம்மா பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு எடுங்கள். ஏற்கெனவே எடுத்தவர்கள் முதலில் திருத்திக்கொள்ளுங்கள். பிறகு ஆங்கிலத் தேர்வு (டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். போன்றவை), ஜி.ஆர்.இ., விண்ணப்பம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அதே பெயரைக் கொடுங்கள். தேர்வுக்குப் பழைய பெயரில் பதிவு செய்துவிட்டு, தேர்வன்று புதிய பாஸ்போர்ட்டைக் காட்டினால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகும். பாஸ்போர்ட் தேர்வுக்கு முன்னால் வர வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

மார்க் ஷீட்டில் ‘கார்த்திகா எஸ்’ என்றும் பாஸ்போர்ட்டில் ‘கார்த்திகா சண்முகம்’ என்றும் இருந்தால் பயப்பட வேண்டாம். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

5. பட்டியலைச் சிறியதாக வையுங்கள்

ஐந்து அல்லது ஆறு இடம் போதும். ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பக் கட்டணம், தேர்வு மதிப்பெண் அனுப்பும் கட்டணம் என்று போய்க்கொண்டே இருக்கும். அதைவிட, கட்டுரை எழுதும் தெம்பு ஏழாவது இடத்துக்கு மிஞ்சாது.

தரவரிசையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, மூன்றாண்டு இளங்கலையை ஏற்கிறார்களா? ஏற்கும் இடங்கள் நிறைய உண்டு, ஏற்காத இடங்களும் உண்டு. கட்டணம் கட்டுமுன் கேட்டுப் பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வேலை அனுபவம் கேட்கிறார்களா? பொது நிர்வாகப் படிப்பு பெரும்பாலும் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களை எதிர்பார்க்கிறது. ஊராட்சி அலுவலகம், தொண்டு நிறுவனம், கூட்டுறவுச் சங்கம், பத்திரிகை, ஆசிரியப் பணி எல்லாமே கணக்கில் வரும். கல்லூரி முடித்த கையோடு போவதைவிட இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போவது நல்லது என்பது என் கருத்து. வகுப்பில் பேச உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டுமே.

சில சர்வதேச உறவுகள் படிப்புகளில் ஆங்கிலம் தவிர இன்னொரு மொழியில் தேர்ச்சி கேட்பார்கள். தாய்மொழி தமிழை ஏற்பார்களா என்று கேளுங்கள். ஏற்றால் ஒரு பருவத்துப் பாரம் குறையும்.

6. கல்லூரி ஆவணங்கள்

தன்னாட்சிக் கல்லூரியில் படித்திருந்தால் மதிப்பெண் விவரப் பட்டியலுக்குக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் பல்கலை நகரில் உள்ள காமராசர் பல்கலைக்கழகத்துக்கு. பட்டச் சான்றிதழை இரண்டு வகைக்கும் பல்கலைக்கழகம்தான் தரும். தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரங்களில் போகாதீர்கள், அப்போது யாருக்கும் உங்களைக் கவனிக்க நேரமிருக்காது.

ஆறு உறைகளாவது முத்திரையிட்டு வாங்குங்கள். இப்போது பெரும்பாலும் ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும் என்றாலும், சேரும்போது மூல உறையைக் கேட்கும் இடங்கள் இருக்கின்றன.

பத்துக்கு எடுத்த மதிப்பெண்ணை அவர்களுடைய நான்கு புள்ளிக் கணக்குக்கு நீங்களே மாற்றி எழுதாதீர்கள். அவர்கள் கேட்காதவரை உள்ளதை உள்ளபடி கொடுங்கள். நாமாக மாற்றிய எண்ணும் அவர்கள் மாற்றிய எண்ணும் வேறுபட்டால் வீண் சந்தேகம்தான் வரும்.

7. தேர்வுகள்

ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டாண்டு செல்லும், ஜி.ஆர்.இ. ஐந்தாண்டு செல்லும். ஆகவே ஜி.ஆர்.இ.யை முன்கூட்டி எழுதலாம், ஆங்கிலத் தேர்வை விண்ணப்பிக்கும் ஆண்டில் எழுதுங்கள். ஜி.ஆர்.இ. கேட்காத பள்ளிகள் பல உண்டு. ஆனால் இளங்கலையில் கணிதமே இல்லாதவர்கள், அது விருப்பம்தான் என்று சொல்லும் இடத்திலும் எழுதுவது நல்லது. கணக்குப் பகுதியில் நல்ல மதிப்பெண் இருந்தால் உங்கள்மேல் நம்பிக்கை வரும்.

ஜி.ஆர்.இ. கட்டணத்திலேயே நான்கு பள்ளிகளுக்கு மதிப்பெண் அனுப்பலாம், அதைத் தேர்வன்றே தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் தயாராகாமல் தேர்வுக்குப் போகிறவர்கள் இதை இழக்கிறார்கள்.

8. கணக்கைக் கண்டு ஒதுங்காதீர்கள்

தமிழ் இலக்கியம், வரலாறு, ஆங்கிலம் படித்து வருகிறவர்களுக்கு இந்தப் படிப்பில் பெரிய அதிர்ச்சி முதல் பருவத்தில்தான் வரும். பொது நிர்வாகம் என்றால் சட்டம், கோப்பு, அதிகாரப் படிநிலை என்று நினைத்துப் போவார்கள். அங்கே காத்திருப்பது நுண்பொருளியல், புள்ளியியல், வரவு செலவுத் திட்டம், திட்ட மதிப்பீடு.

போவதற்கு முன் ஆறு மாதம் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நம் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் பாடநூல்களில் தொடங்குங்கள், தமிழிலேயே படித்தால் கருத்து பிடிபடும். பிறகு சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு இவற்றை எக்செல்லில் போட்டுப் பாருங்கள். மதுரை மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தை எடுத்து, சொத்து வரி எவ்வளவு, அரசு மானியம் எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது என்று ஓர் அட்டவணை போடுங்கள். நிதிப் பாடத்தின் முதல் சில வாரங்களில் செய்யச் சொல்வதும் இதே வேலைதான்.

எழுத்திலும் ஒரு பழக்கம் வேண்டும். இரண்டு பக்கத்தில் ஓர் அதிகாரிக்குக் குறிப்பு எழுதுங்கள். முதல் பத்தியிலேயே பரிந்துரை, அதன்பின் காரணம். நாம் பள்ளியில் பழகியது நேர்மாறு: முன்னுரை, பொருளுரை, முடிவுரை. இதை மாற்றிக்கொள்ள எனக்கே ஒரு பருவம் ஆனது.

9. பரிந்துரைக் கடிதம்

பொதுவாக மூன்று கேட்பார்கள். ஒன்று பேராசிரியரிடம், ஒன்று வேலை இடத்தில், மூன்றாவது உங்களை நன்றாகத் தெரிந்த யாராவது ஒருவரிடம். முதல்வர், தாளாளர், எம்.எல்.ஏ. என்று பெரிய பதவியைத் தேடிப் போகாதீர்கள். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த உதவிப் பேராசிரியரின் கடிதத்துக்குத்தான் எடை அதிகம்.

“நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்” என்று சார் சொல்வார். பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் மூன்று கடிதமும் ஒரே கையில் எழுதியது போல இருந்தால் படிப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எந்த ஆண்டு, எந்தப் பாடம், என்ன செய்தீர்கள், எந்தப் படிப்புக்குப் போகிறீர்கள், கடைசித் தேதி எது. மீதியை அவர் எழுதட்டும்.

கடிதத்தை அவரே இணையத்தில் ஏற்ற வேண்டும், கல்லூரி மின்னஞ்சல் முகவரியிலிருந்து. அது பழக்கமில்லாத ஆசிரியர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டுங்கள், எழுதியதைப் படிக்காமல். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே இதை முடியுங்கள். பெரும்பாலும் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் தேதி வரும், நடுவில் நமக்குப் பொங்கல் விடுமுறை.

10. நோக்கக் கட்டுரை

முதல் படியில் எழுதிய தாளை எடுங்கள். கட்டுரை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சிறுவயது ஆசை, காந்தி, கலாம், அம்மாவின் கண்ணீர் என்று தொடங்கும் கட்டுரைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த உணர்வு உண்மையானது. ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன தெரியாமல் நிற்கிறீர்கள், அந்தப் பள்ளியில் எந்தப் பாடம் அதைத் தரும் என்பதற்கு இடமில்லாமல் போகிறது. இலங்கைத் தமிழர் முகாம்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மேலூர்ப் பக்கத்து மாணவி ஒருவர், முதல் வரைவில் அதை ஒரே வரியில் முடித்திருந்தார். மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் சான்றிதழ்களில் எந்த நாட்டுப் பெயரை எழுதுவது என்று தலைமையாசிரியர் தயங்கிய காட்சியை இரண்டாவது வரைவில் எழுதினார். அதன்பிறகு இரண்டு பட்டமும் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இரண்டு துறைக்கும் தனித்தனிக் கட்டுரை கேட்டால், ஒன்றையே பெயர் மாற்றிக் கொடுக்காதீர்கள். இரண்டு குழுக்களும் தனித்தனியாகப் படிக்கும். நிர்வாகக் கட்டுரையில் நிர்வாகம் முன்னே வரட்டும், மற்றதில் நாடுகளின் உறவு முன்னே வரட்டும்.

11. அனுமதி வந்த பிறகு

கடிதத்தில் இரண்டு பட்டத்தின் பெயரும் இருக்கிறதா பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் அனுமதி வந்திருந்தால், மற்றதன் நிலை என்ன என்று கேட்ட பின்பே முன்பணம் கட்டுங்கள்.

அடுத்து ஐ-20 படிவம், அமெரிக்க மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்று அது. அதில் படிப்பின் முடிவுத் தேதி கூட்டுப் படிப்பின் முழுக் காலத்தையும் காட்டுகிறதா என்று சரிபாருங்கள். இந்தப் படிவத்தைப் பெறக் குறைந்தது முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். வங்கிக் கணக்கு, வைப்பு நிதி, கடன் ஒப்புதல் கடிதம் இவை செல்லும். நிலத்தின் மதிப்பும் நகையின் மதிப்பும் கையிருப்பாகச் செல்லாது.

12. விசா

ஐ-20 வந்ததும் செவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடு) கட்டணம் 350 டாலர், டி.எஸ்.-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவம், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், பிறகு சென்னையில் இரண்டு சந்திப்பு: கைரேகைக்கு ஒன்று, அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு ஒன்று. அடுத்தடுத்த நாட்களில் கிடைத்தால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஒரே முறை போய் வந்துவிடலாம். போனைத் தூதரகத்துக்குள் கொண்டுபோக முடியாது, துணைக்கு வருபவரிடம் கொடுத்துவிடுங்கள். 2025 ஜூன் முதல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

நேர்காணல் சில நிமிடம்தான். ஏன் இரண்டு பட்டம், யார் பணம் கட்டுகிறார், முடித்தபின் என்ன செய்வீர்கள் என்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு வாக்கியத்தில் பதில் வைத்திருங்கள். மனப்பாடம் வேண்டாம். எளிய ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னால் போதும்.

13. போய்ச் சேர்ந்த முதல் பருவம்

முதல் வாரத்திலேயே இரண்டு துறை ஆலோசகர்களையும் பார்த்து, நான்கு பருவத்துக்கும் பாடத் திட்டத்தை ஒரே தாளில் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கட்டாயப் பாடங்கள் சில ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். ஒன்றைத் தவறவிட்டால் படிப்பு ஒரு பருவம் நீளும், செலவும் நீளும். படிப்பு நீளும் என்று தெரிந்தால், ஐ-20 முடியும் தேதிக்கு முன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும். தேதி தாண்டிவிட்டால் பெரிய சிக்கல்.

இன்டர்ன்ஷிப்பில் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை சில. அமெரிக்க ஒன்றிய அரசின் இடங்கள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். ஐ.நா. தலைமைச் செயலகத்தில் எடுப்பார்கள், ஆனால் சம்பளம் கிடையாது. நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ தங்கும் செலவு நம்முடையது. கடன் வாங்கிப் படிப்பவர்கள் அந்த மூன்று மாதச் செலவையும் கடன் தொகையிலேயே சேர்த்துக் கேளுங்கள். நகர நிர்வாகங்கள், ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்களில் சம்பளத்தோடு வாய்ப்பு உண்டு. அதற்கான சி.பி.டி. (படிக்கும்போதே படிப்பின் பகுதியாக வேலை பார்க்கும்) அனுமதி பொதுவாக ஓர் ஆண்டு படித்த பின்புதான் கிடைக்கும். அதை முழுநேரமாகப் பன்னிரண்டு மாதம் பயன்படுத்திவிட்டால், படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் ஓ.பி.டி. உரிமை போய்விடும்.

ஓ.பி.டி. பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: இரண்டு பட்டம் என்றால் இரண்டு முறை கிடைக்கும் என்று. கிடைக்காது. முதுகலை என்ற ஒரு நிலைக்கு ஒரே ஒரு பன்னிரண்டு மாதம்தான். அறிவியல், தொழில்நுட்பப் பிரிவில் வரும் படிப்புகளுக்குள்ள 24 மாத நீட்டிப்பு உங்களுக்கு உண்டா என்பது ஐ-20-ல் அச்சாகியிருக்கும் பாடக் குறியீட்டைப் பொறுத்தது. பெரும்பாலான பொது நிர்வாக, சர்வதேச உறவுகள் படிப்புகள் அதில் வருவதில்லை. கடனைத் திருப்பும் கணக்கை இந்தப் பன்னிரண்டு மாதத்தை வைத்தே போடுங்கள்.

ஓ.பி.டி. விண்ணப்பத்தைப் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து அனுப்பலாம், முடிந்தபின் 60 நாள் வரை இடம் உண்டு. கடைசிப் பருவத்தின் முதல் நாளிலேயே அந்த 90-வது நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.